கிலோவில் போய் பீஸில் வரும் கணக்கு

2021ஆம் ஆண்டின் கடைசி நாளில் டெல்லியில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 46ஆவது கூட்டம் நடந்தது. மறுநாள், 2022 ஜனவரி 1 முதல், துணிக்கும் ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் ஆடைகளுக்கும் வரி 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக ஏறுவதாக இருந்தது. நவம்பரிலேயே அறிவிக்கை வந்துவிட்டதால், திருப்பூரில் பில்லிங் சாப்ட்வேர் எழுதும் பலர் டிசம்பர் கடைசி வாரம் முழுக்கக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, 5 இருந்த இடத்தில் 12 போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து செய்தி வந்தது: ஜவுளிக்கான உயர்வு நிறுத்திவைப்பு; செருப்புக்கு மட்டும் ஜனவரி 1 முதல் 12. பனியன் கம்பெனிக்காரர்கள் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். புரோகிராமர்கள் புத்தாண்டு இரவில் மறுபடி வண்டியை எடுத்தார்கள்.

அந்த இரவில் வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. அவர்கள் எழுதிய நிரலில் வரி என்பது எங்கோ புதைந்து கிடக்கும் ஓர் எண்ணாக இல்லை. பொருளின் வகை, விலை வரம்பு, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று கட்டம் போட்ட ஓர் அட்டவணையாக இருந்தது. ஜனவரி 1 என்று முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்த ஒரு வரிசையை நீக்கினால் போதும். போனிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள்.

2025 செப்டம்பர் 3 அன்று கவுன்சிலின் 56ஆவது கூட்டம் முடிந்தபோது இதே பாடம் மறுபடி வந்தது. இந்தத் தடவை 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. அமல் செப்டம்பர் 22. இடையில் மூன்று வாரம்கூட இல்லை. அதுவரை ஆயிரம் ரூபாய்க்கு மேல், 2,500க்குள் விற்ற சட்டைக்கு 12 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், 22ஆம் தேதி காலையில் அதே சட்டைக்கு 5 போட வேண்டும். ஆனால் ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட்டில் பழைய 12தான் போட வேண்டும். "பழைய ரேட்டு இனி எதுக்குங்க தம்பி, அதையே மாத்தி 5 ஆக்கிருங்" என்று ஒரு முதலாளி சொன்னபோது நான் விளக்கியது இதைத்தான். கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டும் இருக்கட்டும்" என்றார். அதோடு சரி. ஆனால் ஒரு சாப்ட்வேரை எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்: நேற்று உண்மையாக இருந்ததை இது இன்றும் நினைவு வைத்திருக்கிறதா?

எந்த மொழி உயர்ந்தது, எந்த ஃபிரேம்வொர்க் செத்துவிட்டது என்று எங்கள் தொழிலில் நாள்தோறும் சண்டை நடக்கிறது. இளம் புரோகிராமர்கள் அதில் நேரத்தைச் செலவழிப்பதைப் பார்க்கிறேன். பனியன் கம்பெனிக்கு வேலை செய்கிறவனுக்கு அந்தச் சண்டையால் ஐந்து பைசா பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து. இங்கே சாப்ட்வேர் தோற்பது கம்ப்யூட்டருக்குள் நடப்பதால் அல்ல. சாய ஆலையின் வாசலுக்கும் கட்டிங் டேபிளுக்கும் நடுவில் துணிக்கு என்ன ஆகிறது என்பது எழுதியவருக்குத் தெரியாததால்தான்.

துணி எங்கே இருக்கிறது?

திருப்பூருக்குப் புதிதாக வரும் சாப்ட்வேர்க்காரரிடம் முதலாளி சொல்லும் முதல் வாக்கியம், "சிம்பிள்தானுங், நூல் வருது, பனியன் போகுது." இதை நம்பி எழுத உட்கார்ந்தவர்கள் மூன்று மாதத்தில் காணாமல் போயிருக்கிறார்கள்.

நூல் கிலோவில் வருகிறது. நிட்டிங்குக்குப் போய்த் துணியாக வருகிறது, அதுவும் கிலோதான். அங்கே கொஞ்சம் குறையும். டையிங்குக்குப் போகிறது. நூறு கிலோ போனால் நூறு கிலோ வராது. எவ்வளவு குறையும் என்பது நிறத்தைப் பொறுத்தது, துணியைப் பொறுத்தது, ஆலையைப் பொறுத்தது. இதற்குப் பிராசஸ் லாஸ் என்று பெயர். ஒரு டி.சி.யில் (டெலிவரி சலானில்) அனுப்பிய துணி இரண்டு லாட்டாகப் பிரிந்து வரலாம், மூன்று டி.சி.யில் போனது ஒரே லாட்டில் சாயமேறி வரலாம். ஷேடு சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். அப்போது அதே துணி இரண்டாவது தடவை உள்ளே வரும்போது உங்கள் சாப்ட்வேர் அதைப் புதுத் துணி என்று சேர்த்துக்கொண்டால், இல்லாத அரை டன் ஸ்டாக்கில் நிற்கும். காம்பாக்டிங் முடிந்து வரும்போது ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவு) மாறியிருக்கும். கழுத்துக்கான ரிப் துணி இன்னொரு பாதையில், இன்னொரு எடையில் வந்துகொண்டிருக்கும். பாடி துணி வந்து ரிப் வராவிட்டால் கையில் ஆயிரம் கிலோ இருந்தும் ஒரு பீஸ் தைக்க முடியாது.

பிறகு கட்டிங். இங்கேதான் கிலோ செத்துப் பீஸ் பிறக்கிறது. ஒரு கிலோவுக்கு எத்தனை பீஸ் என்பது சைஸ் ரேஷியோவையும் ஜி.எஸ்.எம்.மையும் கட்டிங் மாஸ்டரின் கையையும் பொறுத்தது. கழிவுத் துணி மறுபடி கிலோவில் விலைக்குப் போகும். இத்தோடு முடிந்ததா? நெஞ்சில் படம் அச்சிட வேண்டிய டி-ஷர்ட் என்றால் வெட்டிய துண்டுகளில் முன்பக்கம் மட்டும் பிரிண்டிங்குக்குப் போகும். பின்பக்கமும் கையும் கம்பெனியிலேயே காத்திருக்கும். அப்போது உங்கள் ஸ்டாக்கில் இருப்பது கிலோவும் இல்லை, பீஸும் இல்லை. பிரிண்டிங்கில் நாற்பது முன்பக்கம் கெட்டுப்போனால், மறுபடி வெட்ட வேண்டும். அதுவும் அதே லாட் துணியில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் ஒரு நீலம், பின்பக்கம் ஒரு நீலம். அந்த லாட்டில் மீதி எவ்வளவு, எந்த மூலையில் கிடக்கிறது என்று சாப்ட்வேர் சொல்லுமா?

இவ்வளவும் ஒரே கூரையின் கீழ் நடந்தால்கூடப் பரவாயில்லை. நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், பவர்டேபிள் ஒருவர், காஜா பட்டன் ஒருவர் என்று ஊர் முழுக்க ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டபோது துணி வெளியூர்களுக்கும் போய் வந்தது. காலையில் போய் மாலையில் வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சாப்ட்வேர்கள் அந்த வருடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆவது பிரிவு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்கிறது. வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. அனுப்பியது நூல், வந்தது துணி. இது அதுதான் என்று அரசாங்கத்திடம் ஐ.டி.சி. 04 படிவத்தில் சொல்ல வேண்டும். டி.சி. புத்தகத்தை ஒழுங்காக வைத்திருந்த பழைய கணக்குப்பிள்ளைகள் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்காமல் எழுதப்பட்ட எந்தச் சாப்ட்வேரும் இந்த ஊரில் நிலைத்ததாக நான் பார்க்கவில்லை.

ஆகவே என்னிடம் வேலைக்குச் சேரும் பையனோ பெண்ணோ, முதல் மாதம் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் அக்காமார்களோடு நிற்கலாம். துணி வேனில் டையிங்குக்குப் போய் வரலாம். சனிக்கிழமை சம்பளம் போடும் இடத்தில் ஒன்றரை ஷிப்ட் கணக்கை வாய்வழியாகக் கேட்கலாம். பி.இ. முடித்த பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பெற்றோர்கூட ஒரு தடவை போன் செய்து, "கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னீங்க, பையன் துணி மூட்டையோட வேன்ல போறானாமே" என்று கேட்டார்கள்.

எடிட் பட்டன்

எங்கள் தொழிலில் நான் அதிகம் சண்டை போட்ட விஷயம் ஒன்று உண்டு. "தப்பா போட்டுட்டாங்க, டக்குனு மாத்தறதுக்கு ஒரு எடிட் பட்டன் வெச்சுக் குடுங்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முந்தாநாள் டி.சி.யில் 412 கிலோ என்று இருந்ததை இன்று 421 என்று மாற்ற முடிந்தால், மாதக் கடைசியில் டையிங்காரரோடு நடக்கும் பஞ்சாயத்தில் உங்கள் சாப்ட்வேரின் பேச்சுக்கு மதிப்பே இல்லை. தவறான பதிவை அழிக்கக்கூடாது. அதை ரத்து செய்யும் இன்னொரு பதிவு போட்டு, சரியானதை மூன்றாவதாகப் போட வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். பேரேட்டில் அடித்துத் திருத்தலாம், கிழிக்கக்கூடாது. புரோகிராமர்கள்தான் இதை அண்மையில் கண்டுபிடித்த மாதிரிப் பெரிய பெயர் வைத்து மாநாடுகளில் பேசுகிறார்கள்.

இதில் சட்டமும் என் பக்கம் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு சாப்ட்வேரில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற தடம் இருக்க வேண்டும். அதை அணைத்து வைக்கவும் முடியக்கூடாது. ஆனால் ஒரு ஓட்டை. திருப்பூரில் நாம் வாய் நிறைய கம்பெனி என்று சொல்வதில் பெரும்பகுதி, சட்டத்தின் பார்வையில் கம்பெனியே இல்லை. தனி உரிமையாளர் நிறுவனம், அல்லது அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை சேர்ந்த கூட்டு நிறுவனம். அவர்களை இந்த விதி கட்டாது. பங்காளிகளுக்குள் தகராறு வரும் நாளில் அந்தத் தடம் வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும் என்று சொல்லிப் பார்க்கிறேன். சில இடங்களில் எடுபடுகிறது.

லேப் டிப் இல்லாமல் பல்க் போட்டவர்கள்

பையர் ஒரு நீலம் கேட்கிறார். டையிங் ஆலை நேராக இரண்டு டன் துணியைச் சாயத்தில் முக்குவதில்லை. ஆய்வகத்தில் கையகலத் துணியில் மூன்று சாயல் போட்டு அனுப்புகிறது. இதுதான் லேப் டிப். பையர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே பல்க், அதாவது மொத்தச் சாயமேற்றல். தைப்பதிலும் அப்படித்தான்: ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள். அது அங்கீகாரமாகி வந்த பிறகும் கடைசியில் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) கணக்குப்படி பெட்டிகளைத் திறந்து சோதிப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய லைன் சூப்பர்வைசருக்குக்கூட இந்த வரிசை மனப்பாடம். பெரிய பெரிய சாப்ட்வேர் நிறுவனங்கள் இதை அவ்வப்போது மறந்துவிடுகின்றன.

2024 ஜூலை 19 அன்று நடந்தது அதுதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், உலகம் முழுக்கத் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21 தகவல் கட்டங்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் தந்தது 20. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முழு புரோகிராமை மாற்றும்போது படிப்படியாக அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. "இது வெறும் தகவல் கோப்புதானே" என்று இதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பினார்கள். பாடி துணிக்கு லேப் டிப் கேட்டுவிட்டு, ரிப்புக்கு வேண்டாம் என்று விட்ட கதை. பிறகு அவர்களும் இதையும் கட்டம் கட்டமாக அனுப்பத் தொடங்கினார்கள்.

சிறிய இடத்தில் இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். என் வழி செலவில்லாதது. ஒவ்வொரு கம்பெனியிலும் முடிந்துபோன பழைய ஆர்டர்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எவ்வளவு நூல் வாங்கினார்கள், எவ்வளவு துணி வந்தது, எத்தனை பீஸ் போனது, பில் எவ்வளவு என்று முடிவு தெரிந்த ஆர்டர்கள். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் அந்தப் பழைய ஆர்டர்களை எல்லாம் புது நிரலில் இரவோடு இரவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய விடையே வந்தால் காலையில் ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் போடுவோம். அதுவும் சனிக்கிழமை போடுவதில்லை. ஒரு வாரம் கழித்து மற்றவர்களுக்கு. இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் கருவிகள் ஆயிரம் இருக்கின்றன. முடிந்த ஆர்டரைவிட நேர்மையான சோதனையை எந்தக் கருவியும் எனக்குத் தரவில்லை.

ஏ.ஐ. எழுதிக் கொடுக்குமே?

இப்போது எந்த ஆபீசுக்குப் போனாலும் இந்தக் கேள்வி. முதலாளியின் மகன் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்து வந்திருப்பார். "ஏங்ணா, ஏ.ஐ.கிட்ட சொன்னா ஒரு மணி நேரத்துல ஈ.ஆர்.பி. எழுதிக் குடுத்துருதாமா, அப்புறம் எதுக்கு நீங்க வருசா வருசம் ஏ.எம்.சி. வாங்கறீங்க?" ஏ.எம்.சி. என்பது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். கேட்பதில் தப்பில்லை. 2025 பிப்ரவரியில் ஏ.ஐ. ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாதி, நிரலைப் பார்க்காமலேயே ஏ.ஐ.யிடம் பேசிப் பேசி எழுதவைக்கும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஈ-இன்வாய்சுக்கு அனுப்ப வேண்டிய தகவலை அரசாங்கம் கேட்கும் வடிவத்தில் அடுக்குவது, பழைய ரிப்போர்ட்டைப் புதிய தாளில் அச்சிட வைப்பது, யாரோ எழுதிவிட்டுப் போன நிரல் என்ன செய்கிறது என்று விளக்கச் சொல்வது: இவற்றில் எனக்கு அரைநாள் மிச்சமாகிறது. ஈ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்காரர்கள் வரை வந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரே மாதிரியான சலிப்பூட்டும் வேலை. அப்போது இந்தக் கருவி இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆனால் வேகம் பற்றி நம் உள்ளுணர்வை நம்ப முடியாது. மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள், தாங்கள் நன்கறிந்த நிரலில் 246 வேலைகள். ஏ.ஐ. உதவியோடு செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். அது 2025 தொடக்கத்துக் கருவிகளோடு செய்த சிறிய ஆய்வு. அதற்குப் பின் கருவிகள் தேறியிருக்கின்றன. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 19 அல்ல, அவர்களுடைய அசையாத நம்பிக்கை. ஸ்டாப்வாட்ச் வைத்து ஆபரேஷன் ஆபரேஷனாக நேரம் பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு, என் தொழிலில் மட்டும் "வேகமாத்தான் இருக்குற மாதிரி தெரியுது" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதே ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் ஏ.ஐ.யை வைத்து ஓர் அமெரிக்க முதலீட்டாளர் சாப்ட்வேர் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்த நேரத்தில் அது உயிரோடு ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டது. அந்த நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார்; சோதனைக்கான டேட்டாபேஸையும் உண்மையானதையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. ஏ.ஐ.யைத் திட்டி என்ன பயன்? சோதனைக் கம்பெனி ஒன்று, நிஜக் கம்பெனி ஒன்று என்று பிரிக்காமல் வேலை செய்யும் மனிதர்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ பேர்.

நிரல் எழுதும் வேகத்தைப் பற்றிப் பேசும்போது 2025 ஜூனில் காலமான பில் அட்கின்சன் நினைவுக்கு வருகிறார். 1982இல் ஆப்பிள் நிறுவனத்தில், வாரம் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று ஒவ்வொருவரும் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். ஒரு பகுதியைச் சுருக்கி, வேகமாக்கி எழுதியிருந்த அவர் அந்த வாரம் மைனஸ் 2,000 என்று நிரப்பினார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்களாம். பீஸ் ரேட் என்பது ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவருக்கு நியாயமான அளவாக இருக்கலாம், அங்கேயும் அதில் ஆயிரம் வழக்கு உண்டு. நிரலுக்கு அது செல்லாது. ஏ.ஐ. இப்போது ஒரு நிமிடத்தில் ஆயிரம் வரி தருகிறது. என் தொழிலில் செலவானது ஒருநாளும் தட்டச்சு நேரம் அல்ல. டையிங்கிலிருந்து திரும்பி வந்த துணி முதல் தடவை வந்ததா, இரண்டாவது தடவை வந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் நாள் போனது, இன்னும் போகிறது. அதை ஏ.ஐ.யிடம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் யாராவது அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

பழசு ஓடட்டும்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த ஆதரவு முடிந்தது. எனக்கு வந்த போன்களில் பாதி, "நம்ம சாப்ட்வேர் புதுசுல ஓடுமுங்களா?" என்பதுதான். ஓடும். இந்த ஊர் ஆபீஸ்களில் இன்னும் எத்தனையோ சம்பளக் கணக்குகள் 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 மொழியில் எழுதப்பட்டவை. அதை எழுதும் கருவிக்கான ஆதரவு 2008லேயே நின்றுவிட்டது. எழுதிய புரோகிராம் மட்டும் விண்டோஸ் 11லும் ஓடுகிறது. புதுசாக எழுதித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழையதில் இருக்கும் விநோதமான விதிவிலக்குகள் ஒவ்வொன்றும் ஏன் வந்தன என்று தெரியுமா? அவற்றில் முக்கால்வாசி யாரோ ஒருவர் சனிக்கிழமை இரவு சம்பளம் குறைவாக வாங்கிச் சண்டை போட்டதன் விளைவு. தூக்கிவிட்டு எழுதினால் அதே சண்டை அதே வரிசையில் மறுபடி நடக்கும்.

இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஆக்சஸ் டேட்டாபேஸ் 2 ஜி.பி.யைத் தாண்டாது, அதனால் நிதியாண்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைத்திருப்பார்கள். பிப்ரவரியில் நூல் வாங்கி மே மாதம் கப்பலேறும் ஆர்டர் அங்கே இரண்டாக அறுந்து கிடக்கும். இன்னொன்று தமிழ்ப் பெயர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் சேமித்த தொழிலாளர் பெயர்களை வெளியே எடுத்தால் முருகேசனும் செல்வியும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வருவார்கள். வங்கிக்கோ பி.எஃப். அலுவலகத்துக்கோ பெயர் அனுப்பும்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிப்பார்கள்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுங்கள் என்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில் கோளாறு ஏற்பட்டு உலகமெங்கும் சேவைகள் படுத்தபோது திருப்பூரில் யாரும் சட்டை செய்யவில்லை. அன்று தீபாவளி, ஊரே பூட்டியிருந்தது. நவம்பர் 18 மாலை கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை விழுந்ததோ வேலை நாளில். அந்த நேரத்தில் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் வாசலில் நின்றால், அமெரிக்காவில் எந்தக் கோப்பு பெருத்துவிட்டது என்பதைப் பற்றி டிரைவருக்குக் கவலை கிடையாது. டி.சி.யும் பேக்கிங் லிஸ்ட்டும் நெட் இல்லாமலே அச்சாக வேண்டும். கணக்கின் நகல் வேண்டுமானால் மேகத்தில் இருக்கட்டும், பிரிண்டருக்குப் போகும் வழி தரையில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

எக்செலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்ட்வேர்க்காரர்கள் அதை எதிரியாகப் பார்க்கிறார்கள். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, பையர்கள் விலையைக் குறை என்று நெருக்கினார்கள். ஒரே ஸ்டைலுக்கு ஒரு நாளில் பத்துக் காஸ்டிங் போட்டுப் பார்த்தது எந்த ஈ.ஆர்.பி.யிலும் இல்லை, மெர்ச்சண்டைசரின் லேப்டாப்பில், 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் ஓகே' என்ற பெயர்களில் கிடந்த எக்செல் கோப்புகளில்தான். நூல் விலையை அரை ரூபாய் ஆட்டிப் பார்க்க அதைவிடச் சுலபமான கருவி இன்றுவரை வரவில்லை. அதை ஒழிக்கப் பார்ப்பதைவிட, முடிவான காஸ்டிங் எது என்று ஒரே ஒரு தாளை மட்டும் சாப்ட்வேருக்குள் பூட்டி வைப்பதே நான் செய்வது.

காசு விஷயம் சுருக்கமாக. ஆட்டோ கட்டருக்கு லட்சங்களில் முன்பணம் கொடுக்கிறவர்கள் சாப்ட்வேருக்கு ஏ.எம்.சி. கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அது பழகிப்போச்சு. முதலாளிகள் கவலைப்பட வேண்டியது வேறு. இங்கே பல சாப்ட்வேர்களை எழுதியது ஒரே ஓர் ஆள். அவர் பெங்களூருவுக்குப் போய்விட்டால் மூல நிரல் அவர் பென் டிரைவோடு போய்விடும். ஒப்பந்தத்தில் மூல நிரலின் நகல் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.

அடுத்து வரப்போவது ஐரோப்பாவிலிருந்து. 2024 ஜூலை 18 அன்று அங்கே நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறை, பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவர வழி செய்கிறது. 2025 ஏப்ரலில் வெளியிட்ட வேலைத் திட்டத்தில் முதல் வரிசையிலேயே ஆடைகள் இருக்கின்றன. விரிவான விதிகள் இனிமேல்தான் வர வேண்டும். ஆனால் கேள்வி எந்தத் திசையில் போகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்: இந்தச் சட்டையின் நூல் எது, எங்கே சாயமேறியது, எந்த லாட்? டி.சி.யில் லாட் நம்பர் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கும் சாப்ட்வேரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிறகு ஆள் போட்டுக் கையால் நிரப்பி, நிரப்பியதை நிஜம் என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தை இப்போதே கட்டாயமாக்கிவிடலாம் என்று சில கம்பெனிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் சரி என்றுவிட்டார். இன்னொருவர் கட்டிங் மாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மாஸ்டர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். வேனை நிறுத்திவைத்துக்கொண்டு லாட் நம்பரைத் தேடப்போவது அவர்தானே. நாளைக்கு அவரைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.